வெள்ளத்து வருஷத்துப் பெண்கள்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. முப்பத்து மூன்று வருஷம் தாதியாக வேலை பார்த்தேன். வார்டில் என் சத்தம் கேட்டால் டொக்டர்மாரே அடிமேல் அடி வைத்து நடப்பார்கள் என்று ஒரு கதை இருந்தது. அது கதை இல்லை. என் பெயர் றொவீனா, மட்டக்களப்பு டவுனில் பிறந்து வளர்ந்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பெண். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு மருந்து ஆய்வுக்காக வீடுவீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஆனால் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, ஏறாவூர் நுஸ்ராவைப் பற்றி. அவளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வரத்தான் முதன்முதல் அவள் வீட்டுக்குப் போனேன்.

ஆய்வு இதுதான். பிரஷருக்குக் கொடுக்கும் இரண்டு பழைய மருந்துகளை ஒன்றாக்கி ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடியில் அறுபது வயது தாண்டிய பெண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை நாங்கள் போய்ப் பிரஷர் அளந்து, தலைச்சுற்று உண்டா, வாந்தி உண்டா, எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் அடியில் ஒரு ரோஸ் நிறப் பிரதி, அது எங்கள் கைக்கு. எனக்கு ஏறாவூர். மாத்திரை பிரஷரை நன்றாகத்தான் இறக்கியது. சில பெண்களுக்கு இரத்தத்திலுள்ள உப்பையும் சேர்த்து இறக்கியது. உப்பு இறங்கினால் தலை சுற்றும், நினைவு தடுமாறும், ஆள் விழும். அறுபத்தெட்டு வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆய்வின் முடிவு கொழும்பில் ஒரு குழுவுக்குப் போகும். விழுந்தவர்கள் அதிகம் என்றால், இரத்தத்தில் உப்பைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று குழு சொல்லும். குறைவு என்றால் பார்க்காமலே கொடுக்கலாம். அடுத்த மாதமே கிளினிக் கிளினிக்காகப் பெட்டிகள் போய் இறங்கும். இத்தனையும் ஓர் எண்ணில் தொங்கியது. அந்த எண்ணைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வை நடத்தும் கந்தோரின் மேசையில் அச்சடித்த தாளில் பார்த்தேன். ஏறாவூரில் விழுந்தவர்கள்: இரண்டு.

நான் ஏழு பேரை எழுதியிருந்தேன். ஏழு பேரின் முகமும் எனக்குத் தெரியும்.

கந்தோரின் பொறுப்பாளர் சிவதர்ஷன். எனக்கொரு மகன் இருந்தால் அந்த வயதுதான். எப்போதும் கஞ்சி போட்ட சேர்ட், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குக் கை துருதுருக்கும்.

"ஏழு படிவம் இருக்கலாம் மிஸ், ஆள் ரெண்டுதான்" என்றான். "ஒரே ஆள ரெண்டு மூண்டு தரம் எழுதினா சிஸ்டம் கண்டுபிடிச்சிச் சேர்த்துப்போடும்."

"ஒரே ஆள ரெண்டு தரம் எழுத எனக்கென்ன மூளை கலங்கிப் போச்சா?"

"கோவிக்காதீங்க மிஸ். எல்லாம் சோதிச்சு, ஒரு பிழையும் இல்லையெண்டு வந்திருக்கு."

சிஸ்டம், சிஸ்டம் என்று அவன் சொல்லும்போதெல்லாம் அது கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஒரு குளிர் அறைக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் விசாரித்தேன். சிஸ்டம் ஏறாவூரில், நான் மாதாமாதம் நடக்கும் வீதிக்கு மூன்றாவது வீதியில், தையல் மெஷின் மேசைமேல் லெப்டொப் வைத்து வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண். ரோஸ் பிரதிகளைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். தன்னாமுனை தாண்டும்வரை அவளை எப்படி ஏசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நுஸ்ராவின் வாப்பா இஷாம் கத்தாரில் லொறி ஓட்டுகிறவர். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்துபோவார். நுஸ்ரா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் ஏழு மாதம் இருந்தாள். அவள் இரண்டு கிழமை முறிந்து செய்த வேலையைப் பக்கத்து மேசைக்காரன் தன் பெயரில் காட்டினானாம். எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில் எழும்பி, "இது என்ட வேலை, இவருக்கு இதில ஒரு வரி விளங்கினா இப்பவே விளக்கச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். முதலே தெரிந்திருந்தால் அவளைக் கொஞ்சம் மரியாதையாக ஏசியிருப்பேன்.

கதவைத் திறந்தது அவள் உம்மா கைறுன்னிஸா. நான் யாரென்று சொல்லி முடிக்குமுன் உள்ளே போய்விட்டேன். நுஸ்ரா எழும்பி நின்றாள். ஒல்லிப் பெண், கண்ணாடி, நெற்றியில் ஒரு சுளிப்பு. என் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மிஸ்தானா அது? உங்கட எழுத்துத்தான் எனக்கு வாசிக்க ஏலுமான ஒரே எழுத்து."

அவள் தன் வேலையைக் காட்டினாள். பைதன் என்ற கணினி மொழியில் நாலு மாதம் இருந்து எழுதிய ஒரு தொகுதி, அதற்கு 'சான்று' என்று பெயர் வைத்திருந்தாள். அதற்கு இரண்டு வேலை. முதலில் எங்கள் படிவங்களை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்த பதிவுகளாக உண்டாக்கும்: எந்த ஆள், எந்த மருந்து, என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு உறுதி. பிறகு அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். திகதி திகதியாக இருக்கிறதா, எண் எண்ணாக இருக்கிறதா, எந்தக் கட்டமாவது வெறுமையாக இருக்கிறதா. சரியென்றால் பச்சை வரி, பிழையென்றால் சிவப்பு. குழுவுக்குப் போகும் தாள் இந்தப் பச்சையிலிருந்துதான் பிறக்கிறது.

"உண்டாக்கிறதும் அதுதான், சரி பார்க்கிறதும் அதுதானா?" என்று கேட்டேன். "வேலிக்கு ஓணான் சாட்சி."

அவளுக்குச் சுருக்கென்றது. "நூத்துக்கு நூறு பச்ச மிஸ். நானூத்திப் பன்னெண்டு பேர் எண்டு பதிஞ்சிரிக்கி. அதில இருவத்தி நாலு ரெட்டப் பதிவு, எடுத்தாச்சி. ஆள் முந்நூத்தி எண்பத்தெட்டுத்தான்."

பையிலிருந்து முதலாவது ரோஸ் பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். உ. ஸைனம்பு, ஏறாவூர், பிறந்த வருஷம் 1957. அதிகாலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன இடத்தில் விழுந்தது. தலையில் அடி. இரத்தத்தில் உப்பு நூற்றுப் பன்னிரண்டு. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாத எண் அது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் மரணம்.

"இந்தப் பெண் உன்ட மிஷினுக்குள்ள எங்க இருக்கா எண்டு காட்டு புள்ள."

அவள் தட்டினாள். உ. ஸைனம்பு வந்தாள். பச்சை வரி. பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது. மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார். விழவில்லை. நலம்.

மௌத்தான பெண் நலமாக இருந்தாள். அந்த நலத்தை எழுதியதும் நான்தான். மூன்று கிழமைக்குப் பிறகு, இரண்டு வீதி தள்ளியிருக்கும் இன்னொரு ஸைனம்பு வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டே எழுதியது. அவள் உசனார் மகள். செத்தவள் உதுமாலெவ்வை மகள். படிவத்தில் இரண்டு பேருக்கும் 'உ' ஒன்றுதான்.

நுஸ்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு சொன்னாள். அடையாள அட்டை இலக்கத்தைப் பதியக் கூடாது, அது அந்தரங்கம் என்பது ஆய்வின் சட்டம். ஆகவே பெயர், பிறந்த திகதி, ஊர் மூன்றும் ஒன்றென்றால் ஒரே ஆள் என்று அவளுடைய தொகுதி எடுத்துக்கொள்ளும். கடைசியாக வந்த படிவத்தை வைத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். பிறந்த திகதி முழுதாக இல்லாவிட்டால் சோதனை சிவப்புக் காட்டும். முதல் நாளே நூற்றுக்கணக்கில் சிவப்பு வந்ததாம்.

"வருஷம் மட்டும் இரிந்திச்சி மிஸ், மாசமும் நாளும் இல்ல. நான்தான் இல்லாத இடமெல்லாம் ஜனவரி ஒண்டு எண்டு போட்டன். எல்லாம் பச்சையாப் பொயித்து."

மட்டக்களப்பு வாவியைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்த பெண்பிள்ளைகளுக்குப் பிறப்பைப் பதிந்தவர்கள் குறைவு. பிறகு அடையாள அட்டைக்குப் போனபோது எழுதுகிறவர் எப்போது பிறந்தாய் என்று கேட்க, தாய்மார் முன்னுக்கு வந்து 'வெள்ளத்து வருஷம்' என்றார்கள். பெருவெள்ளத்துக்கு முந்திப் பிறந்ததும் வெள்ளத்து வருஷம், பிந்திப் பிறந்ததும் வெள்ளத்து வருஷம். எழுதுகிறவர் 1957 என்று எழுதி, மாதத்துக்கும் நாளுக்கும் பூச்சியம் போட்டு அனுப்பினார். இந்தப் பக்கம் அந்த வருஷத்தில் பிறந்த பெண்கள் ஒரு பட்டாளம் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் நுஸ்ரா ஒரே நாளில் பிறக்க வைத்துவிட்டாள்.

கொழும்புக்காரன் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். "நீ இந்த ஊர்ப் பிள்ளைதானே? ஒரு தெருவில எத்தன ஸைனம்பு, எத்தன கைறுன்னிஸா எண்டு உனக்குத் தெரியாதா? உன்ட உம்மாட பேர்லயே இந்த வட்டாரத்தில நாலு பேர் இருக்காங்களே."

"சோதிச்சித்தான் மிஸ் குடுத்தன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஆயிரம் பொய்ப் பெண்கள உண்டாக்கி, அவங்கள வெச்சிச் சோதிச்சன். ஒரு பிழையும் வரல்ல." அந்தப் பொய்ப் பெண்களின் பட்டியலைத் திரையில் திறந்தாள். "நான் உண்டாக்கினவங்க எல்லாருக்கும் பிறந்தநாள் இரிந்திச்சி."

மிச்ச ஆறு பிரதிகளையும் ஒன்றொன்றாக வைத்தேன். நாலு பேர் இதே கதை. ஏழில் ஐந்து போய்விட்டது. இப்படி விழுந்தவர்களாகப் பார்த்து ஏன் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்ததும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். விழுந்தவள் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள், அல்லது சாகிறாள். அவளுக்கு அடுத்த மாதப் படிவம் இல்லை. நன்றாக இருப்பவளுக்குத்தான் மாதாமாதம் படிவம் வருகிறது. கடைசிப் படிவத்தை வைத்துக்கொள் என்றால் எப்போதும் நன்றாக இருப்பவள்தான் மிஞ்சுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே மறைக்க ஒரு ஆளும் தேவைப்படவில்லை, பூசணிக்காய் தானாகவே போய் மறைந்துகொண்டது.

"எப்பிடிப் பிரிக்கிற இவங்கள?" என்று நுஸ்ரா தன்பாட்டில் கேட்டாள். "பேரும் ஒண்டு, ஊரும் ஒண்டு, வருஷமும் ஒண்டு."

கைறுன்னிஸா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எந்த ஸைனம்பக் கதைக்கிறீங்க? பாத்தும்மாட மகளா, ஆசியாஉம்மாட மகளா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்தப் பக்கம் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். பெண் தாய் கொடுத்த வீட்டில் பிறந்து, அதே வளவுக்குள் கிழவியாகிறாள். இன்ன தாயின் மகள் என்றால் ஊரில் ஆள் மாறிப்போகவே வழியில்லை. எங்கள் படிவத்தில் தகப்பன் பெயருக்கு ஓர் எழுத்து இருந்தது, கணவன் பெயருக்கு ஒரு முழுக் கோடு இருந்தது, தாய்க்கு ஓர் இடமும் இல்லை. அந்தப் படிவத்தை நான் ஆயிரம் தடவைக்குமேல் நிரப்பியிருப்பேன். ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகக் கந்தோருக்குப் போனோம். நுஸ்ரா ஒளிக்காமல் சொன்னாள், பிழை என்னுடையது, கோப்பை நிறுத்துங்கள் என்று. சிவதர்ஷன் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கோப்பு திங்கக்கிழமையே போயிட்டு" என்றான். "குழு வாற கிழமை கூடுது. இப்ப போய் எங்கட கணக்குப் பிழையெண்டு சொன்னா மூண்டு வருஷ வேலையும் சந்தேகத்துக்குள்ள போகும். இருவத்தி நாலு பேர்தானே. முடிவு வந்த பிறகு ஒரு திருத்தக் குறிப்புப் போடுவம்."

"முடிவு வந்த பிறகு மாத்திரை போயிருமே" என்றேன். "உப்பப் பாக்காமக் குடுத்து, விழ விழக் குறிப்புப் போடுவீங்களா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நுஸ்ரா, உங்கட சான்றை ஒரு வெளிநாட்டுக் கம்பனி எடுக்கப் பாக்குது. அதோட உங்களையும். உங்களுக்குத் தெரியும்தானே? பிழையான சாமானெண்டு நீங்களே சொல்லிக்கொண்டு திரிஞ்சா ஆர் எடுப்பாங்க? ஆறுதலா யோசிங்க."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவனுடைய படிப்பு, அவனுடைய கஞ்சி போட்ட சேர்ட், ஒன்றையும் விடவில்லை. கீழ்மாடிக் கடைக்காரர் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். நுஸ்ரா மட்டும் வாயே திறக்கவில்லை. கொழும்பில் கூட்டத்தில் எழும்பி நின்றவளாம். இங்கே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வரை பொறுத்தேன்.

"வெளிநாட்டு வேலையெண்டதும் வாய் கட்டிப் போட்டுதா? ஊமையா நீ?"

"அவரோட கத்தி என்ன மிஸ் காணப்போறம்? எத்தன பேர விழுங்கினதெண்டு எனக்கே இன்னும் ஒழுங்காத் தெரியா. தெரியாம எழுதினா மறுகா அதுவும் பிழையெண்டு சொல்லுவாரு." அவள் கண் சிவந்திருந்தது, கோபத்தில்தான். "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. உங்கட ரோஸ் பிரதி எல்லாத்தையும் கொண்டு வாங்க. வீடு வீடாப் போவம்."

நாலு நாள் நடந்தோம். ஜூன் மாதத்துக் கச்சான் காற்று முகத்தில் மணலை அள்ளி வீசியது. ஓட்டமாவடியையும் காத்தான்குடியையும் அங்கே படிவம் நிரப்பிய பெண்கள் போனில் பார்த்துக்கொண்டார்கள், ஏறாவூர் வீடுகளுக்கு நாங்களே போனோம். உங்கட உம்மாட பேர் என்ன என்று கேட்டதும் சிலருக்குச் சந்தேகம், சிலருக்குப் பகிடி. ஒரு கிழவி, "அறுவத்தெட்டு வயசில எனக்கு மாப்பிள பாக்கப் போறியா புள்ள?" என்று கேட்டுவிட்டு, தாய் பெயரோடு தாயின் தாய் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். நடுப்பகலில் வீட்டுக்கு வந்து நுஸ்ரா சான்றைத் திருத்துவாள். ஜனவரி ஒன்றை எடுத்துவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்றே பதிய இடம் வைத்தாள். தாய் பெயர் இல்லாமல் இரண்டு பேரை ஒருவராக்கக் கூடாது என்று விதி எழுதினாள். எழுதியதும் அவளுடைய நூற்றுக்கு நூறு பச்சை கலைந்து இருபத்து நாலு சிவப்பு வரி வந்தது.

அதைப் பார்த்து அவள் அழுவாள் என்று நினைத்தேன். "இதுதான் உண்மையான கோப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குச் செருப்பைப் போட்டாள். அன்றோடு அவள்மீது எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

நாலாம் நாள் பத்து மணிக்கு ஒரே ஒரு சிவப்பு மிச்சம். தாளில் மூன்று ஊருக்கும் சேர்த்து ஆறாக இருந்த விழுகை பதினாலாகியிருந்தது. மிச்சமிருந்தது உதுமாலெவ்வை மகள் ஸைனம்பு. அவள் ஆசியாஉம்மாவின் மகள் என்று கைறுன்னிஸா பிறகு சொன்னது தெரியும். ஆனால் ஊர் வாயில் கேட்டதை எழுதமாட்டேன், அந்த வீட்டில் கேட்டுத்தான் எழுதுவேன் என்று நுஸ்ரா பிடிவாதமாக நின்றாள். அந்த வீட்டைக் கடைசிக்குத் தள்ளியது நான்தான்.

ஸைனம்புவின் மகள் அம்னா. நாற்பது வயதிருக்கும், கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். கை மாவோடு வந்து பாய் விரித்தாள். நுஸ்ரா உட்காரவில்லை.

"ராத்தா, உங்கட உம்மா மௌத்தானது மாத்திரைக் கணக்கில இல்ல. வேற ஒரு ஸைனம்புவும் இவங்களும் ஒரே ஆளெண்டு நான் எழுதின புரோக்கிராம் எடுத்திட்டு. உங்கட உம்மா உயிரோட, நல்லா இரிக்கிற எண்டு கொழும்புக்குப் போயிரிக்கி. பிழை என்ட. திருத்த வந்திரிக்கன். உம்மாட உம்மாட பேர் வேணும்."

அம்னா ஒன்றும் விளங்காதவள்போல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஆசியாஉம்மா" என்றாள்.

நுஸ்ரா அங்கேயே பாயில் அமர்ந்து லெப்டொப்பைத் திறந்து எழுதினாள். கடைசி வரி பச்சையானது. குழுவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். சுருக்கமான கடிதம்: நீங்கள் கையில் வைத்திருக்கும் கோப்பை உண்டாக்கியதும் நான், சரியென்று சொன்னதும் நான், அது பிழை, இரத்தத்தில் உப்புக் குறைந்து விழுந்தவர்கள் ஆறு அல்ல பதினைந்து, இதோ சரியான கோப்பு, இதோ நான் செய்த பிழை எந்த வரியில் இருக்கிறது என்ற விளக்கம். அடியில் தன் முழுப் பெயரும் வீட்டு விலாசமும். அனுப்பினாள்.

அதனால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தம் பார்க்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று குழு முடிவு செய்தது. நுஸ்ராவுக்கு வேலை போனது. வெளிநாட்டுக் கம்பனி பதிலே போடவில்லை. சிவதர்ஷன் இன்னும் அதே கதிரையில் சிரித்துக்கொண்டிருக்கிறான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. நுஸ்ரா இப்போது வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறாள், வேறு வேலைக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு அம்னா வீட்டில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நுஸ்ரா லெப்டொப்பை மூடினாள். நான் எழும்பிப் பையை எடுத்தேன். அப்போதுதான் அம்னா கேட்டாள்.

"உப்புக் கொறஞ்சா ஆள் விழுமா மிஸ்?"

"ஓம். தலை சுத்தி, நிலை தெரியாம விழும். உங்கட உம்மாவுக்கு உப்பு நல்லா இறங்கியிருந்தது. அதாலதான் விழுந்தவ."

"அப்ப வழுக்கி விழல்லயா?"

நான் நின்றேன். அவள் மாவுக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும்.

"அதுக்கு மொதல் நாள் ஒளுச் செய்யிற இடத்தச் சவுக்காரம் போட்டுக் கழுவினது நான். தண்ணிய இழுத்து விடாம விட்டிட்டன். உம்மாட மையத்த எடுக்கக்குள்ளயே கூடப்பிறந்த நானா இல்ஹாம் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாரு, உம்மாவக் கொன்டது நீதானெண்டு. இந்த வீட்டுக்கு இப்ப வாறதில்ல அவரு." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மிஸ்ஸுக்கு இது எப்ப தெரியும்?"

ஸைனம்பு விழுந்த நாலாம் நாளே தெரியும். வார்டுக்குப் போய், கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளைப் பார்த்து, அந்த எண்ணை என் கையால் படிவத்தில் எழுதினேன். முடிவு வரும்வரை குடும்பத்தாருக்குக் காரணம் எதுவும் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. நானும் சொல்லவில்லை. எழுதியாயிற்று, என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"மௌத்தான அண்டைக்கே தெரியும்" என்றேன்.

"பதினஞ்சு வெள்ளிக்கிழம யாசீன் ஓதி உம்மாட்ட மன்னிப்புக் கேட்டிரிக்கன் மிஸ். மாசா மாசம் பக்கத்து வீட்டுக்கு வாறீங்க. என்ட வாசலத் தாண்டித்தானே போறீங்க. ஒரு நாள் உள்ள வந்து சொல்லியிரிக்கலாம்."

விதி ஒன்று இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கந்தோரில் சிவதர்ஷன் பேசியது மாதிரியே வரப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கிழித்திருக்கிறேன், அன்று என்னைக் கிழிக்க ஒருவரும் சத்தம் போடவில்லை.

"நானாட நம்பரத் தாங்க" என்றேன்.

அம்னா தயங்கினாள். பிறகு தன் போனைத் திறந்து நீட்டினாள். அந்த வாசலிலேயே நின்று நம்பரை அழுத்தினேன். எடுத்தார்.

"இல்ஹாமா? நான் நேர்ஸ் றொவீனா. உங்கட தங்கச்சி வீட்டிலிருந்து பேசுறன். உங்கட உம்மா ஏன் விழுந்தவ எண்டு மூண்டரை மாசத்துக்கு முதலே நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். இப்ப சொல்றன், கேளுங்க."